கைப்பிடி இருந்த இடத்தில்

2025 செப்டம்பர் 26-ஆம் தேதி சண்டிகர் விமானப் படைத் தளத்தில் மிக்-21 போர் விமானத்துக்கு விடை கொடுத்தார்கள். 1963-இல் வந்து சேர்ந்து 62 ஆண்டுகள் உழைத்த விமானம். பாதுகாப்பு அமைச்சர் வந்திருந்தார். விமானப் படைத் தலைமைத் தளபதியே ஒரு மிக்-21-இல் ஏறிப் பறந்து காட்டினார். விமானம் இனி எங்கே போகும் என்பதில் குழப்பம் ஒன்றும் இல்லை. அருங்காட்சியகத்துக்குப் போகும், கல்லூரி வாசலில் நிற்கும், ஏதாவது ஒரு நாற்சந்தியில் மூக்கை வானத்துக்கு நீட்டியபடி தூண் ஏறிக்கொள்ளும். ஆண்டுக்கு ஒருமுறை பெயின்ட் அடித்தால் போதும்.

அதை ஓட்டியவருக்குத் தூண் கிடையாது. பெரும்பாலான போர் விமானிகள் நாற்பதுகளில் விமானத்தை விட்டு இறங்கிவிடுகிறார்கள். சிலர் பதவி உயர்வு வந்து மேஜைக்குப் போகிறார்கள். சிலருக்கு முதுகெலும்பு முந்திக்கொள்கிறது. திருப்பத்தில் உடம்பின் எடை ஏழு மடங்கு, எட்டு மடங்கு ஆகிற தொழிலில் கழுத்தும் இடுப்பும் கணக்கு வைத்துக்கொள்ளாமல் இருக்காது. நாற்பத்தைந்து வயதில் பிள்ளைகள் கல்லூரி வாசலில் நிற்பார்கள், வீட்டுக் கடன் பாதியில் நிற்கும். மிச்சம் இருக்கும் இருபது, முப்பது ஆண்டுகளை என்ன செய்வது? கையில் இருப்பதோ உலகத்தில் மிகச் சிலருக்கே தெரிந்த, வெளியே எந்தக் கடையிலும் விலை போகாத ஒரு வித்தை.

‘பழைய நினைப்புடா பேராண்டி’ என்று நம் ஊரில் ஒரு கேலி உண்டு. ஓய்வு பெற்ற எல்லோரையும் அது ஒருநாள் தொட்டுப் பார்க்கும். ஆனால் ஓய்வு பெற்ற தாசில்தாருக்கும் ஓய்வு பெற்ற போர் விமானிக்கும் ஒரு வேறுபாடு இருக்கிறது. தாசில்தார் இழப்பது அதிகாரத்தை. விமானி இழப்பது தன் உடம்பு செய்து பழகிய ஒரு காரியத்தை. ஒலியைவிட வேகமாகப் போன உடம்பு அது. அதைக் கொண்டுவந்து வாக்கிங் போகச் சொல்கிறோம்.

வழக்கமான பாதை, பயணிகள் விமானம். கேட்பவர்களுக்கு இதில் என்ன சிரமம் என்று தோன்றும். அதுவும் விமானம், இதுவும் விமானம்; அங்கே சண்டை, இங்கே சமாதானம், அவ்வளவுதானே? கணக்குப் போட்டுப் பார்த்தால் அப்படி இல்லை. மிக்-21 போன்ற விமானத்தில் ஒரு பறப்பு முக்கால் மணி நேரம் நீடித்தாலே பெரிது. இருபது ஆண்டு பறந்தவரின் கணக்கில் இரண்டாயிரம், மூவாயிரம் மணி நேரம் சேர்ந்திருந்தால் அது கௌரவமான கணக்கு. பயணிகள் விமானத்திலோ ஒரு விமானி ஆண்டுக்கு 1,000 மணி நேரம் வரை பறக்க விதி இடம் தருகிறது. அதாவது இருபத்தைந்து வயதுப் பையன் ஒருவன் மூன்று, நான்கு ஆண்டுகளில் விங் கமாண்டரின் வாழ்நாள் கணக்கை எட்டிவிடுவான். அந்த முக்கால் மணி நேரத்தில் என்னென்ன நடந்தது என்பதற்கு லாக் புத்தகத்தில் தனிக் கட்டம் கிடையாது.

ஆகவே அவர் வலது பக்கம் உட்காருகிறார். இடது இருக்கை கேப்டனுக்கு, வலது இருக்கை ஃபர்ஸ்ட் ஆபீசருக்கு. ஒரு படைப்பிரிவையே நடத்தியவர், பத்துப் பதினைந்து வயது இளைய கேப்டனுக்குப் பக்கத்தில் அமர்ந்து செக்லிஸ்ட் படிக்கிறார். விமான நிறுவனத்தில் சீனியாரிட்டி என்பது சேர்ந்த தேதியிலிருந்துதான் தொடங்கும். தோளில் இருந்த பட்டைகளை வாசலிலேயே எண்ணிக் கொடுத்துவிட வேண்டும். இளைய கேப்டனுக்கும் சங்கடம்தான். ‘சார்’ என்று கூப்பிடாமலும் இருக்க முடியாது, தவறு செய்தால் திருத்தாமலும் இருக்க முடியாது.

அந்த இருக்கையில் ஒரு சின்ன விஷயத்தைக் கவனிக்கலாம். மிக்-21 போன்ற போர் விமானத்தில் விமானியின் இரு கால்களுக்கு நடுவே கட்டுப்பாட்டுத் தண்டு இருக்கும். பெரும்பாலான விமானங்களில் அதற்கும் இந்தப் பக்கம், இருக்கையின் விளிம்பில், தொடைகளுக்கு நடுவே மஞ்சளும் கறுப்புமாக வரி போட்ட ஒரு கைப்பிடி. ஆபத்தில் அதை இழுத்தால் இருக்கையோடு சேர்த்து விமானியை ராக்கெட் வெளியே வீசும். ஏர்பஸ் ஏ-320 விமானத்தில் தண்டு பக்கவாட்டுக்குப் போய்விட்டது. கால்களுக்கு எதிரே இழுத்தால் வருவது சாப்பாட்டுத் தட்டு வைக்கும் மேஜை. இருபது ஆண்டுகள் உயிர் காக்கும் கைப்பிடி இருந்த இடத்தில் இட்லியும் சட்னியும் வந்து உட்காருகின்றன. இதைப் பார்த்து முதல் நாள் சிரிக்காத முன்னாள் போர் விமானி யாராவது இருப்பாரா என்று தெரியவில்லை. சிரித்து முடித்ததும் அவருக்கு உறைக்க வேண்டியது ஒன்று உண்டு. இந்த விமானத்திலிருந்து வெளியே குதிக்க வழியில்லை. பின்னால் நூற்றைம்பது பேர் உட்கார்ந்திருக்கிறார்கள்.

பழக்கத்தை மாற்றிக்கொள்வதில்தான் பாடு இருக்கிறது. அங்கே விமானத்தைத் தலைகீழாகக் கவிழ்த்தாலும் கேட்க ஆளில்லை. இங்கே 30 டிகிரிக்கு மேல் சாய்த்தால் பின்னால் ஒரு குழந்தை அழும், ஒருவர் புகார் எழுதுவார். அங்கே மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல் வேகத்தில் தரையைத் தொட்டு, கிடைத்த ஓடுபாதையில் விமானத்தை நிறுத்திக் காட்டுவது பெருமை. இங்கே 1,000 அடி உயரத்தில் வேகமோ உயரமோ திசையோ சரியாக அமையவில்லை என்றால் சமாளித்து இறக்குவது பெருமையில் சேராது. விட்டுவிட்டு மேலே ஏறு, மறுபடி சுற்றி வா என்பதுதான் சட்டம். ‘கோ அரவுண்ட்’ என்று பக்கத்து இருக்கையிலிருந்து ஒரு குரல் வந்தால், சொன்னவர் நேற்றுச் சேர்ந்தவராக இருந்தாலும் கேட்டே ஆக வேண்டும்.

எங்கள் பக்கம் தேரோட்டத்தில் பார்த்திருப்பீர்கள். வடம் பிடிக்கிறவர்களின் கூட்டமும் ஆரவாரமும் ஒரு பக்கம் இருக்க, தேர் முனை திரும்பும் இடத்தில் சக்கரத்தடியில் கட்டை போடுகிற ஆள் ஒருவர் இருப்பார். மெலிந்த உடம்பு, தோளில் ஒரு துண்டு. அவர் குரல் கொடுத்தால் ஊர்ப் பெரியவர்கள் பிடித்திருக்கும் வடமும் நின்றாக வேண்டும். பயணிகள் விமானம் அந்தத் தேர். தனியாகப் பறந்து பழகியவருக்கு அந்தக் குரலுக்குக் காது கொடுப்பது, எட்டு மடங்கு எடையைத் தாங்குவதைவிடக் கடினமாக இருக்கலாம்.

விமான உலகம் இதைச் சும்மா கற்றுக்கொள்ளவில்லை. 1978 டிசம்பரில் அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரத்துக்கு மேல் யுனைடெட் நிறுவனத்தின் டிசி-8 விமானம் ஒன்று சக்கரக் கோளாறைச் சரிபார்ப்பதற்காகச் சுற்றிக்கொண்டே இருந்தது. எரிபொருள் தீர்ந்துகொண்டிருப்பது விமானி அறையில் இருந்தவர்களுக்குத் தெரிந்தே இருந்தது. கேப்டனின் மனதில் ஏறும்படி சொல்லத்தான் ஆளில்லை. விமானம் விழுந்து 10 பேர் இறந்தார்கள். அடுத்த ஆண்டு நாசா ஒரு கருத்தரங்கு கூட்டியது. 1981-இல் யுனைடெட் நிறுவனம் விமானிகளுக்கு ஒருவர் சொல்வதை ஒருவர் கேட்பது எப்படி என்று முறையாகப் பாடம் நடத்தத் தொடங்கியது. வீரர்களுக்கு இது என்ன பள்ளிக்கூடம் என்று அந்தக் காலத்துக் கேப்டன்கள் பலர் முணுமுணுத்தார்கள்.

அந்தப் பாடத்தின் மிகப் பிரபலமான மாணவர் செஸ்லி சல்லன்பெர்கர். அமெரிக்க விமானப் படையில் எஃப்-4 ஃபான்டம் ஓட்டியவர், 1980-இல் வெளியே வந்து பயணிகள் விமானத்துக்குப் போனவர். 2009 ஜனவரி 15 அன்று நியூயார்க்கிலிருந்து கிளம்பிய அவரது ஏ-320 விமானத்தின் இரண்டு என்ஜின்களிலும் வாத்துக் கூட்டம் புகுந்தது. உயரம் 3,000 அடிகூட இல்லை. மூன்றரை நிமிடத்துக்குள் விமானத்தை ஹட்சன் ஆற்றில் இறக்கினார். உள்ளே இருந்த 155 பேரும் பிழைத்தார்கள். பத்திரிகைகள் பல போர் விமானியின் எஃகு நரம்பு என்று எழுதின.

விமானி அறையின் ஒலிப்பதிவு வேறு மாதிரி இருக்கிறது. தண்ணீரைத் தொடச் சில நொடிகளே இருக்கும்போது சல்லன்பெர்கர் பக்கத்து இருக்கைக்காரரிடம், ஏதாவது யோசனை இருக்கிறதா என்று கேட்கிறார். இல்லை என்கிறார் துணை விமானி ஜெஃப் ஸ்கைல்ஸ். அவ்வளவுதான் உரையாடல். எனக்கு அந்த நாள் முழுவதிலும் ஆச்சரியமானது இந்த ஒரு கேள்விதான். ஆற்றில் இறங்குவது என்று முடிவாகிவிட்டது, கை வேலை செய்துகொண்டிருக்கிறது, ஆனாலும் இன்னொரு மூளைக்குக் கதவு திறந்திருக்கிறது. ஃபான்டத்தைவிட்டு இறங்கி 29 ஆண்டுகள் ஆகியிருந்தன. கணக்கில் 19,000 மணி நேரத்துக்கு மேல் சேர்ந்திருந்தது. அதில் பெரும்பகுதி யாருக்கும் நினைவில்லாத சாதாரணப் பயணங்கள். தினமும் ஒழுங்காகச் செய்த வேலைதான் அன்றைக்குக் கைகொடுத்தது என்ற பொருளில் அவரே பேசியிருக்கிறார். வீரக் கதை வேண்டியவர்களுக்கு அது காதில் விழவில்லை.

கோழிக்கோட்டை இங்கே சொல்லாமல் தாண்ட முடியாது. 2020 ஆகஸ்ட் 7, கொரோனா காலம், துபாயிலிருந்து வந்த விமானம், கொட்டும் மழை, இரு புறமும் பள்ளமாக இறங்கும் மேட்டு ஓடுபாதை. விமானத்தின் கேப்டன் விமானப் படையில் போர் விமானியாகவும் பின்னர் சோதனை விமானியாகவும் பேர் வாங்கியவர். முதல் முயற்சியைக் கைவிட்டு மேலே ஏறினார். அதாவது விதிப்படி செய்யத் தெரியாதவர் அல்லர். இரண்டாம் முறை, பின்னாலிருந்து காற்று தள்ள, பாதி ஓடுபாதையைத் தாண்டித் தரையைத் தொட்டார். துணை விமானி ‘கோ அரவுண்ட்’ என்று சொல்லியிருந்தார். 190 பேரில் 21 பேர் இறந்தார்கள். இரு விமானிகளும் அதில் அடக்கம். விசாரணை அறிக்கை விதி மீறலைக் காரணமாகச் சொன்னது. இரண்டு இருக்கைகளுக்கும் நடுவே இருந்த அதிகாரச் சரிவையும், மறுநாள் காலை விமானத்தை எடுக்க அந்த ஊரில் போதிய கேப்டன்கள் இல்லாத நிறுவன நிலைமையையும் சேர்த்தே சொன்னது. அவருடைய போர் விமானப் பழக்கம்தான் இதைச் செய்தது என்று யாரும் சொல்ல முடியாது, நானும் சொல்லவில்லை. வாழ்நாள் முழுக்கப் போர் விமானத்தைத் தொடாதவர்களும் இதே தவறில் இறந்திருக்கிறார்கள். இறங்கிவிடலாம் என்று ஏற்கெனவே மனதில் இறங்கிவிட்டவருக்கு மறுபடி மேலே ஏறுவது எத்தனை பாரம் என்பது மட்டும் அந்த அறிக்கையைப் படிக்கும்போது புரிகிறது.

மறுபடி அந்த மஞ்சள் கறுப்புக் கைப்பிடிக்கு வருகிறேன். இஜெக்‌ஷன் இருக்கைகள் செய்யும் மார்ட்டின்-பேக்கர் நிறுவனத்தின் இருக்கைகளால் மட்டும் 7,000-க்கும் மேற்பட்டவர்கள் உயிர் பிழைத்திருக்கிறார்கள். அப்படிப் பிழைத்தவர்களுக்கென்று ஒரு சங்கமும் தனி டையும் உண்டு. ஆனால் அதே இருக்கையில் இருந்தும் இறந்தவர்கள் பலர். இருக்கை பழுதானதால் இறந்தவர்கள் குறைவு. கையை நேரத்தோடு கொண்டுபோகாததால் இறந்தவர்கள் அதிகம். இன்னும் ஒரு நொடி பார்க்கலாம், என்ஜினை மறுபடி முடுக்கிப் பார்க்கலாம், அந்த வயல்வரை கொண்டுபோய்விடலாம், கீழே ஊர் இருக்கிறதே என்றெல்லாம் நினைப்பு ஓடும். கடைசிக் காரணம் உன்னதமானது. அதற்காக உயிரைக் கொடுத்தவர்களைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும். மற்ற காரணங்களில் பாதி, விமானத்தை இழந்துவிட்டு எந்த முகத்தோடு திரும்புவது என்பதுதான். பயிற்சியில் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுக்கிறார்கள்: முடிவைத் தரையிலேயே எடுத்துவிடு, இந்த உயரத்துக்குக் கீழே இப்படி ஆனால் இழுப்பேன் என்று; மேலே போய் யோசிக்காதே.

நீல் ஆம்ஸ்ட்ராங் இதில் ஆசான். கொரியப் போரில் கடற்படையின் பாந்தர் விமானத்தில் 78 முறை பறந்தவர். 1951-இல் அவருடைய விமானத்தின் இறக்கையில் ஒரு துண்டை இரும்புக் கம்பி அறுத்தெடுத்தது. அந்த விமானத்தை இறக்க முடியாது என்று தெரிந்ததும் தம் பக்கத்து எல்லைவரை கொண்டுவந்து கைப்பிடியை இழுத்தார். வயது 21. பிறகு 1968 மே மாதம், நிலவில் இறங்குவதற்குப் பழகும் கட்டில் மாதிரியான ஒரு பறக்கும் யந்திரம் கவிழத் தொடங்கியது. தரையிலிருந்து சுமார் 200 அடியில் வெளியேறினார். அரை நொடி தாமதித்திருந்தால் பாராசூட் விரிந்திருக்காது. அன்றைக்கே அலுவலக மேஜைக்குத் திரும்பிவந்து வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். செய்தி கேட்டு வந்த சக விண்வெளி வீரர் ஆலன் பீன் அவரை மேஜையில் கண்டு நம்பாமல் நின்றார்.

நிலவிலிருந்து திரும்பிய பிறகும் அவர் அதையேதான் செய்தார் என்று எனக்குத் தோன்றுகிறது. 1971-இல் நாசாவை விட்டார். சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் விண்ணூர்திப் பொறியியல் ஆசிரியராகச் சேர்ந்து 1979 வரை பாடம் நடத்தினார். ஒஹையோவில் ஒரு பண்ணை வாங்கினார். கட்சிகள் கூப்பிட்டன, போகவில்லை. ஒதுங்கியே வாழ்கிறார், வாயைத் திறப்பதில்லை என்று பலருக்கும் வருத்தம். நிலவில் நடந்தவன் என்கிற இருக்கையை விட்டு இறங்கித்தான் மீதி நாற்பது ஆண்டுகளை அவர் வாழ முடிந்தது.

அவரோடு நிலவில் நடந்த பஸ் ஆல்ட்ரினுக்கு அது அமையவில்லை. அவரும் கொரியாவில் சேபர் விமானத்தில் 66 முறை பறந்தவர், இரண்டு மிக்-15 விமானங்களை வீழ்த்தியவர். நிலவுக்குப் போய்வந்தபோது வயது 39. அதற்கு மேல் எங்கே போவது? விமானப் படைக்குத் திரும்பி சோதனை விமானிகள் பள்ளிக்குத் தலைமை தாங்கினார், ஒட்டவில்லை. மனச்சோர்வு, குடி, மணமுறிவு என்று எழுபதுகள் கழிந்தன. இடையில் ஒரு காலம் பெவர்லி ஹில்ஸில் கார் விற்பனைக் கடையில்கூட வேலை பார்த்தார், விற்பனை கைகூடவில்லை. நிலவில் கால் வைத்தவர் வந்து கார் சாவியை நீட்டினால் வாடிக்கையாளர் எதைப் பார்ப்பார்! ஆனால் அவர் செய்த ஒரு காரியத்துக்காக அவரை ஆம்ஸ்ட்ராங்குக்கு நிகராகவே வைக்கிறேன். 1973-இலேயே, விண்வெளி வீரன் என்றால் கல்லுப் பிள்ளையார் மாதிரி இருக்க வேண்டும் என்று நாடு எதிர்பார்த்த நாளிலேயே, தன் மனச்சோர்வை வெளிப்படையாகப் புத்தகத்தில் எழுதிவிட்டார். அது ஏன் முக்கியம் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

எல்லோருக்கும் இப்படிப் பெரிய நாடகம் நடப்பதில்லை. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனின் பெரிய வீரர்களில் ஒருவரான ராபர்ட் ஸ்டான்ஃபோர்டு டக், போர் முடிந்து சில ஆண்டுகளில் காளான் வளர்க்கப் போய்விட்டார். எதிரணியில் பறந்த ஜெர்மானியர் அடால்ஃப் காலண்ட் அவருக்கு உற்ற நண்பரானார். கொரியாவில் பறந்த ஜேம்ஸ் சால்ட்டர் 1957-இல் படையை உதறிவிட்டு நாவலாசிரியர் ஆனார். நம் ராகேஷ் சர்மா 1971 போரில் மிக்-21 ஓட்டியவர், 1984 ஏப்ரலில் சோயுஸ் டி-11 விண்கலத்தில் விண்வெளிக்குப் போனவர். பிறகு ஹெச்.ஏ.எல். நிறுவனத்தில் சோதனை விமானியாக 2001 வரை பறந்துவிட்டு, குன்னூர் மலையில் வந்து குடியேறினார். அவர் மட்டும் மும்பையிலோ டெல்லியிலோ தங்கியிருந்தால் நாடாவைக் கத்தரிப்பதற்கே ஆயுள் போதாமல் போயிருக்கும்.

நச்சிகேதாவை நினைவிருக்கிறதா? 1999 மே 27, கார்கில். மிக்-27 விமானத்தின் என்ஜின் அணைந்தது, கைப்பிடியை இழுத்தார், எதிரிகளிடம் சிக்கினார், எட்டு நாள் கழித்துத் திரும்பினார். முதுகெலும்பில் காயம். போர் விமானத்துக்குத் திரும்ப முடியவில்லை. அதே படையில் பெரிய போக்குவரத்து விமானங்களுக்கு மாறிப் பறந்தார். சீருடையை மாற்றாமலே இரண்டாம் பிழைப்பு தொடங்கியது. நாளிதழ்கள் அவர் சிறைப்பட்ட எட்டு நாளைப் பக்கம் பக்கமாக எழுதின; சரக்கு விமானத்தில் பறந்த ஆண்டுகளைப் பற்றி யாரும் பெரிதாக எழுதவில்லை. எனக்கு அந்த ஆண்டுகள்தான் பெரிதாகப் படுகின்றன.

(இந்தக் கைப்பிடி வாய்க்கவே வாய்க்காதவர் ஒருவரை நமக்கெல்லாம் தெரியும். டேராடூனில் விமானப் படைத் தேர்வில் 25 பேரில் ஒன்பதாவதாக வந்தார் அப்துல் கலாம். எடுத்துக்கொண்டது எட்டுப் பேரை. 2006 ஜூனில், குடியரசுத் தலைவராக, 74 வயதில், புனே அருகே சுகோய்-30 விமானத்தில் ஏறி அந்தக் கணக்கைத் தீர்த்துக்கொண்டார். ஒன்பதாம் இடம் நமக்கு நல்லதாகப் போயிற்று.)

இதுவரை சொன்னதைப் பார்த்தால், நேரத்தோடு விட்டுவிடுகிறவன் பிழைப்பான், பிடித்துக்கொண்டிருப்பவன் அழிவான் என்று முடித்துவிடலாம். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் விட்டுவிடுவது என்பதில் ஒரு தில்லுமுல்லுக்கு இடம் உண்டு. விமானத்தை விட்டதோடு அதிலிருந்து செய்ததையும் விட்டுவிடலாம் அல்லவா? ஆணையிட்டார்கள், செய்தேன், இறங்கிவிட்டேன், அத்தோடு சரி!

இங்கேதான் போர் விமானிகளின் இன்னொரு பழக்கம் வருகிறது. அது வெளியே அதிகம் தெரியாது, சினிமாவில் வராது. ஒவ்வொரு பறப்புக்குப் பிறகும் ஓர் அறையில் உட்காருவார்கள். டிப்ரீஃபிங் என்பார்கள். முக்கால் மணி நேரப் பறப்புக்கு இரண்டு, மூன்று மணி நேரம்கூட ஆகும். பலகையில் கோடு கோடாகப் போட்டு, எந்த நொடியில் யார் எங்கே இருந்தார், யார் எதைப் பார்க்கத் தவறினார் என்று பிரித்துப் போடுவார்கள். நல்ல படைப்பிரிவில் அந்த அறைக்குள் பதவி கிடையாது. பிளையிங் ஆபீசர் தன் தலைவரைப் பார்த்து, அந்த இடத்தில் நீங்கள் திரும்பியது தாமதம் என்று சொல்லலாம். தலைவர் அதை எழுதிக்கொள்வார். யாரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வதில்லை. ஏனென்றால் அன்றைக்குச் சொல்லாமல் விட்டால் நாளைக்கு ஒருவர் சாவார். என்னைக் கேட்டால், வானத்தில் செய்யும் சாகசங்களைவிட நாட்டுக்கு இறக்குமதி செய்ய வேண்டிய பொருள் இந்த அறைதான். நம் அலுவலகங்களில், மருத்துவமனைகளில், கட்சி அலுவலகங்களில் இப்படி ஓர் அறை இருந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்தாலே வியர்க்கிறது.

ஆல்ட்ரின் 1973-இல் செய்தது அதுதான். தன் வாழ்க்கையைப் பலகையில் போட்டு, நான் தவறிய இடம் இது என்றார். சல்லன்பெர்கர் ஆற்றுக்கு மேல் கேட்ட கேள்வியும் அந்த அறையில் பழகியவரிடமிருந்து வரக்கூடிய கேள்விதான். போர் விமானி தன் அடுத்த பிழைப்புக்குக் கையோடு எடுத்துப்போகத் தகுந்தது துணிச்சல் என்று எல்லோரும் நினைக்கிறோம். துணிச்சலுக்கு வெளியே அவ்வளவு தேவை இல்லை. இருக்கையை விட்டு இறங்கிவிட வேண்டும். அந்த அறையை விட்டு மட்டும் எழுந்துவிடக் கூடாது. இரண்டையும் ஒருவரே செய்வது அரிது. பெரும்பாலோர் தலைகீழாகச் செய்கிறோம்: நாற்காலியை விட மாட்டோம், கணக்கைக் கேட்டால் காதில் வாங்க மாட்டோம்.

இரண்டையும் செய்யப் பார்த்த இருவரைச் சொல்கிறேன். சபுரோ சகாய் இரண்டாம் உலகப் போரில் ஜப்பானின் ஸீரோ போர் விமானத்தை ஓட்டியவர். 1942 ஆகஸ்டில் குவாடல்கெனால் மேலே தலையில் குண்டு பட்டு, வலது கண் பார்வை போய், ரத்தம் வழிய நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓட்டித் தளத்துக்குத் திரும்பியவர். தோற்ற நாட்டில் அவருக்கு வேலை சுலபத்தில் கிடைக்கவில்லை. பிறகு அச்சகம் வைத்தார். பௌத்தத்தில் தோய்ந்து, இனி எந்த உயிரையும் கொல்வதில்லை, கொசுவைக்கூட என்று உறுதி எடுத்துக்கொண்டார். பின்னாளில் தன்னைச் சுட்ட அமெரிக்கரைச் சந்தித்தார்.

அவரைப் போலவே ஸீரோ ஓட்டிய கனாமே ஹராடா அவ்வளவு பிரபலம் இல்லை. மிட்வே போரில் இருந்தவர். 1942 ஏப்ரலில் கொழும்பைத் தாக்கிய அணியிலும் இருந்தவர். 19 விமானங்களை வீழ்த்தியதாகக் கணக்கு. அந்தக் காலத்து வான்சண்டையில் எதிரியின் முகம் தெரியும் அளவுக்கு நெருங்கிப் போவார்கள். சுடப்பட்ட விமானம் திரும்பும்போது, கண்ணாடிக்குள் இருப்பவன் கையை ஆட்டுவதும் முகம் கோணுவதும் தெரியும். போர் முடிந்த பிறகு அந்த முகங்கள் ஹராடாவைத் தூங்கவிடவில்லை. என்னென்னவோ வேலைகள் பார்த்தார். அறுபதுகளில் தன் சொந்த ஊர்ப் பக்கமான நாகானோவில் குழந்தைகள் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். சின்னப் பிள்ளைகளுக்கு நடுவே இருக்கும்போதுதான் மனது அடங்கியது என்றார்.

ஊராருக்கு அவர் மழலையர் பள்ளி நடத்தும் நல்ல மனிதர். போரைப் பற்றிப் பேசுவதில்லை. அப்படியே முடிந்திருந்தால் இதுவும் விட்டு விலகி நன்றாக வாழ்ந்த ஒருவரின் கதையாக இருந்திருக்கும். 1991 வளைகுடாப் போரில் குண்டுகள் விழுவதைத் தொலைக்காட்சியில் பார்த்த இளைஞர்கள், வீடியோ கேம் மாதிரி இருக்கிறது என்று பேசிக்கொண்டதைக் கேட்டார். அப்போது அவருக்கு எழுபத்தைந்து வயது ஆகப்போகிறது. அதற்குப் பிறகுதான் வாயைத் திறந்தார். பள்ளிகளிலும் ஊர்க் கூடங்களிலும் போய் நின்று, தான் சுட்டவர்களின் முகங்கள் எப்படி இருந்தன என்று விவரித்தார். வீழ்த்திய விமானங்களின் எண்ணிக்கையைப் பெருமையாகச் சொல்லவில்லை. மனிதர்களைக் கொன்றேன் என்றே சொன்னார். தொண்ணூற்றெட்டு வயதிலும் மேடை ஏறினார்.  2016 மே மாதம், 99 வயதில் இறந்தார்.